ஆர்டர் படிவத்தில் ஒரு வரி: பாண்டியாக் ஜிடிஓ, 1964–1974

1963-ன் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பாண்டியாக் டீலரிடம் போய், புதிதாக வந்திருக்கும் 1964 மாடல்களில் 'ஜிடிஓ' எது என்று கேட்டிருந்தால் அப்படி ஒரு மாடலை அவரால் காட்டியிருக்க முடியாது. டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தர அளவுக் கார் இருந்தது. அதை வாங்குகிறவர் நிரப்பும் ஆர்டர் படிவத்தில் ரேடியோ வேண்டுமா, பவர் ஸ்டீயரிங் வேண்டுமா என்ற கேள்விகளோடு ஒரு வரியாக ஜிடிஓ இருந்தது. டிக் அடித்தால் 295 டாலர் சொச்சம் கூடும். அவ்வளவுதான்.

இந்த ஆய்வு அந்த ஒரு வரியைப் பற்றியது. பதினொரு மாடல் ஆண்டுகளில் அது தனி மாடலாக வளர்ந்தது, திரும்பவும் வரியாகச் சுருங்கியது, மொத்தம் 5,14,793 கார்களோடு முடிந்தது. ஜிடிஓ பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகக் குதிரைத்திறனையும் கால் மைல் நேரத்தையும் அடுக்குவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு. ஆண்டுதோறும் வந்த மாற்றங்களைப் பிரித்துப் பார்த்தால், முக்கியமான அநேகமாக எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு விதி நிற்கிறது. சில விதிகள் பாண்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகம் போட்டவை, சில அரசாங்கம் போட்டவை. விதி தடுக்கில் பாய்ந்தால் பாண்டியாக் கோலத்தில் பாய்ந்தது, பாய இடம் இருந்த வரைக்கும்.

330 என்ற எல்லை

1950-களின் நடுப்பகுதி வரை பாண்டியாக் என்றால் நிதானமான குடும்பஸ்தர் ஓட்டும் கார். அந்தப் பெயரை மாற்றியது பந்தயம். ஸ்டாக் கார் பந்தயத்திலும் கால் மைல் நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) பந்தயத்திலும் ஜெயித்துத்தான் இளைஞர்களைக் கடைக்கு இழுத்தார்கள். 1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் கை வைக்கக் கூடாது என்று கதவைச் சாத்தியது. பாண்டியாக்கின் சோற்றில் விழுந்த மண் அது.

இன்னொரு விதியும் இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. நம் கணக்கில் 5.4 லிட்டர். லெமான்ஸில் பாண்டியாக் வைத்திருந்த பெரிய எஞ்சின் 326.

தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்கள் பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோரும் கவனித்த விஷயம் மிக எளிது. பாண்டியாக்கின் வி-8 எஞ்சின்கள் எல்லாம் வெளி அளவில் ஒன்றே. 326 உட்காரும் இடத்தில், பெரிய கார்களுக்குப் போகும் 389-ஐ, அதாவது 6.4 லிட்டரை, அப்படியே உட்கார வைக்கலாம். புதிதாக எதையும் வடிவமைக்க வேண்டியதில்லை, எஞ்சின் மவுண்ட்கூட மாற வேண்டாம்.

விதி? அதற்கும் சந்து கிடைத்தது. புது மாடல் என்றால் தலைமையகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய மாடலில் ஓர் ஆப்ஷன் சேர்ப்பதற்கு வேண்டாம். ஆகவே ஜிடிஓ கார் ஆகவில்லை, ஆப்ஷன் ஆனது. பிரிவின் பொது மேலாளர் பீட் எஸ்டஸ் துணிந்து தலையாட்டினார். விற்பனை மேலாளர் ஃபிராங்க் பிரிட்ஜுக்கு நம்பிக்கை வரவில்லை, 5,000 காருக்கு மேல் பொறுப்பேற்க மாட்டேன் என்றார். முதல் ஆண்டு விற்றது 32,450. அதற்குப் பிறகு தலைமையகம் கண்டிக்கும் நிலையில் இல்லை.

பெயரை டிலோரியன் ஃபெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார். இத்தாலிய மொழியில் ஜிடிஓ என்பதில் உள்ள கடைசி எழுத்து, பந்தயத்துக்கு முறைப்படி தகுதி பெற்றது என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து. பந்தயமே கூடாது என்ற நிறுவனத்தின் காருக்கு, எந்தப் பந்தயத்துக்கும் தகுதிச் சான்று வாங்காத காருக்கு, அந்தப் பெயர். ஃபெராரி ரசிகர்களுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபமே இலவச விளம்பரமும் ஆனது.

விதி எவ்வளவு சீக்கிரம் கரைந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1964-ன் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிரிவான ஓல்ட்ஸ்மொபைல் 442 என்று தன் போட்டிக் காரைக் கொண்டுவந்தது. 1965-க்கு எல்லை 400 கன அங்குலமாக உயர்ந்தது. மற்றொரு பிரிவான ப்யூயிக்கிடம் இருந்ததோ 401 எஞ்சின். தங்கள் கிரான் ஸ்போர்ட் காரில் அதை வைத்து, 400 என்று பெயர் எழுதிவிட்டார்கள். உலோகத்தில் ஒரு துளிகூடக் குறையவில்லை. குறைந்தது பேப்பரில்தான்.

முதல் படிவத்தில் இருந்தவை

அந்த 295 டாலருக்கு வந்தவை: பெரிய 421 எஞ்சினின் சிலிண்டர் ஹெட் பொருத்திய 389, நான்கு பேரல் (காற்று போகும் வாய்) உள்ள கார்புரேட்டர் ஒன்று, 325 குதிரைத்திறன், இரட்டைப் புகைக்குழாய், விறைப்பான ஸ்பிரிங்குகள், தரையில் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் கியர் லீவரோடு மூன்று கியர், சிவப்புக் கோடு போட்ட டயர், போனட்டில் காற்றே போகாத இரண்டு போலிக் காற்றுவாய்கள், பெயர்ப் பட்டயங்கள்.

இதற்கு மேல் காசு கொடுத்தால் நான்கு கியர். பின் சக்கரங்களில் ஒன்று மட்டும் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல், இதற்குப் பாண்டியாக் வைத்த பெயர் சேஃப்-டி-டிராக். எல்லாவற்றுக்கும் மேலே டிரை-பவர். இரண்டு பேரல் கார்புரேட்டர் மூன்றை வரிசையாக வைத்த அமைப்பு அது. சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் உள்ளது மட்டும் வேலை செய்யும், மிதியை ஆழ அழுத்தினால் மற்ற இரண்டும் திறக்கும். 348 குதிரைத்திறன். மூன்று கார்புரேட்டரையும் ஒத்திசைத்து வைப்பது மெக்கானிக்குக்குப் பொறுமைச் சோதனை.

இந்தப் படிவத்தில் எனக்கு உறுத்துவது பிரேக். நான்கு சக்கரங்களிலும் 9.5 அங்குல டிரம். குடும்பக் காருக்கு அளவெடுத்த பிரேக்கையே இதற்கும் வைத்தார்கள். கூடுதலாகக் கேட்டால் உலோகத் துகள் கலந்த லைனிங் கிடைத்தது, முன் டிஸ்க் பிரேக் வந்தது 1967-ல். ஓட வைக்கும் ஆப்ஷன் முதல் நாளே தயார், நிறுத்தி வைக்கும் ஆப்ஷனுக்கு மூன்று வருடம் ஆனது. டாக்கோமீட்டர் கதையும் இதே மாதிரிதான். கேட்டு வாங்கினாலும் டாஷ்போர்டின் வலது கோடியில் சிறிய வட்டத்துக்குள் வந்தது, ஓட்டும்போது அதைப் படிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

விளம்பர நிறுவனத்தில் பாண்டியாக் கணக்கைப் பார்த்துவந்த ஜிம் வாங்கர்ஸ் இந்தக் காரை விற்பதில் கெட்டிக்காரர். 1964 மார்ச் இதழில் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை பாண்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் ஒப்பிட்டு எழுதியது. பாண்டியாக் 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டதாக அதில் வந்தது. டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் உள்ள காருக்கு நம்ப முடியாத நேரம். நம்பாதவர்கள் சரியாகத்தான் சந்தேகப்பட்டார்கள். சோதனைக்குப் போன காரில் 389 இல்லை, ராயல் ஓக் ஊரில் இருந்த ராயல் பாண்டியாக் டீலர் கடையில் 421 எஞ்சின் மாற்றி அனுப்பியிருந்தார்கள் என்று வாங்கர்ஸே பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார்.

சரி, பேசப்பட்டதெல்லாம் டிரை-பவர். வாங்கப்பட்டது? 1964-ல் டிரை-பவரோடு போன கார்கள் 8,245. கிட்டத்தட்ட நாலில் ஒன்று. 1965-ல் 75,352 கார்களில் 20,547. 1966-ல் 96,946-ல் 19,045, அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. விற்பனை உச்சம் தொட்டபோது, சூடான எஞ்சின் கேட்டவர்களின் பங்கு சுருங்கியிருக்கிறது. பத்திரிகை அட்டைக்கும் தெருமுனைப் பேச்சுக்கும் டிரை-பவர் தேவைப்பட்டது. பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அந்த மூன்று எழுத்தும் ஒற்றைக் கார்புரேட்டரும் போதுமாக இருந்தன. இன்றைய ஏலங்களை மட்டும் பார்க்கிறவர்களுக்கு ஜிடிஓ எல்லாமே டிரை-பவர்தான் என்று தோன்றும்.

வரி, மாடல் ஆகிறது

1965-ல் வெளித்தோற்ற மாற்றம் பெரிதில்லை. படுக்கையாக இருந்த ஜோடி ஹெட்லைட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. திறன் 335, டிரை-பவரில் 360 ஆனது. போனட்டின் போலிக் காற்றுவாயைத் திறந்து நிஜமாகவே கார்புரேட்டருக்குக் காற்று அனுப்பும் ஒரு தட்டு, டீலர் கவுண்ட்டரில் கிடைக்கும் உதிரிபாகமாக அந்த ஆண்டின் ஆகஸ்டில் வந்தது. ராம் ஏர் என்ற பெயரின் தொடக்கம் அதுதான்.

1966-ல் ஜிடிஓ தனி மாடல். இடுப்பில் வளைந்து பின்சக்கரத்தின் மேல் புடைத்த புது உடல், உள்ளே தள்ளிய பின்கண்ணாடி. சேஸிஸ் எண்ணின் தொடக்கத்தில் லெமான்ஸின் 237-க்குப் பதில் 242 வந்தது. இந்த மூன்று இலக்கத்துக்கு இன்று லட்சக்கணக்கில் மதிப்பு உண்டு, அதைக் கடைசியில் பார்ப்போம். அந்த ஆண்டின் 96,946 தான் ஜிடிஓவின் உச்சம். அந்த எண்ணை அது திரும்பத் தொடவே இல்லை.

அதே ஆண்டோடு டிரை-பவரும் முடிந்தது. அதே நிறுவனத்தின் ஷெவர்லே பிரிவு செய்த ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டைத் தவிர வேறு எந்தக் காரிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் கூடாது என்று தலைமையகம் 1967-க்கு உத்தரவு போட்டது.

1967: நான்கு எஞ்சின், ஒரே கார்

இந்தத் தடைக்குப் பாண்டியாக் சொன்ன பதில்தான் 1967-ன் ஆப்ஷன் பட்டியல். பதினொரு ஆண்டுகளில் நான் அதிகம் மதிக்கும் பட்டியல் இது. சிலிண்டர் விட்டத்தை 4.06 அங்குலத்திலிருந்து 4.12 ஆக்கி, 389-ஐ 400 ஆக்கினார்கள். அனுமதித்த எல்லையின் விளிம்பு வரை. மூன்று கார்புரேட்டருக்குப் பதில் ஒரே ஒரு ரோச்செஸ்டர் குவாட்ராஜெட். முன்னால் இரண்டு சிறிய வாய், பின்னால் இரண்டு பெரிய வாய். நிதானமாக ஓட்டினால் சிறியவை மட்டும் குடிக்கும், மிதித்தால் பெரியவை திறக்கும். டிரை-பவர் செய்த வேலையை ஒரே கார்புரேட்டருக்குள் அடக்கிய மாதிரி. பராமரிப்பும் எளிது.

எஞ்சின் நான்கு தரத்தில் கிடைத்தது. சாதாரண 335 குதிரைத்திறன் எஞ்சினோடு 64,177 கார்கள் போயின. எச்.ஓ. (ஹை அவுட்புட்) என்ற 360 குதிரைத்திறன் எஞ்சினோடு 13,827. ராம் ஏர் எஞ்சினோடு வெறும் 751, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நான்காவது விசித்திரமானது. இரண்டு பேரல் கார்புரேட்டரோடு 255 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியரோடு மட்டும். தோற்றம் வேண்டும், பெட்ரோல் செலவு வேண்டாம் என்பவர்களுக்கு. அதை வாங்கியவர்கள் 2,967 பேர். ரசிகர்கள் இந்த எஞ்சினைக் கேலி செய்வதுண்டு. ஆனால் எல்லோரும் போற்றும் ராம் ஏரைவிட அது ஏறத்தாழ நான்கு மடங்கு விற்றிருக்கிறது.

எச்.ஓ.வுக்கும் 360, ராம் ஏருக்கும் 360. எப்படி? எச்.ஓ. அந்தத் திறனைத் தருவதாகச் சொன்னது நிமிடத்துக்கு 5,100 சுழற்சியில், ராம் ஏர் 5,400-ல். எடையில் பத்துப் பவுண்டுக்கு ஒரு குதிரைத்திறன், அதற்கு மேல் விளம்பரப்படுத்தக் கூடாது என்று தலைமையகத்தில் இன்னொரு விதி இருந்தது. கார்வெட்டுக்கு மட்டும் விலக்கு. இதே விதிக்காகத்தான் பாண்டியாக்கின் எடை குறைந்த ஃபயர்பேர்ட் காரில் அதே 400 எஞ்சினின் கார்புரேட்டர் முழுதாகத் திறக்காதபடி ஒரு சின்னத் தகடு வைத்து, 325 என்று எழுதினார்கள். கார் வந்த அன்றே அந்தத் தகட்டை வளைத்துவிட்டவர்கள் ஏராளம். ஆகவே இந்தக் காலத்துக் குதிரைத்திறன் எண்களைப் பொறியியல் அளவாக எடுத்துக்கொண்டு வாதாடுவது வீண். விதியைச் சமாளிக்க எழுதிய எண்கள் அவை.

அந்த ஆண்டு வந்த மற்றவை: பழைய இரண்டு வேக ஆட்டோமேட்டிக்குக்குப் பதில் மூன்று வேக டர்போ ஹைட்ரா-மேட்டிக். பக்கெட் சீட்டுகளுக்கு நடுவில் கன்சோல் கேட்டவர்களுக்கு ஹர்ஸ்டின் இரட்டைப் பாதை லீவர். ஒரு பாதையில் தானாகக் கியர் மாறும், இன்னொன்றில் ஓட்டுகிறவரே மாற்றலாம். டாக்கோமீட்டரை டாஷ்போர்டிலிருந்து எடுத்து, போனட்டின் மேலேயே ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக ஒரு குமிழுக்குள் வைத்தார்கள். மழையிலும் வெயிலிலும் அது படும் பாட்டைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளும் அந்த ஆண்டு உள்ளே நுழைந்தன. மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டு, இரட்டைச் சுற்று பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவை ஆப்ஷன் இல்லை, கட்டாயம்.

ரப்பர் மூக்கு

1968-ல் புது உடல். சக்கர இடைவெளி 115 அங்குலத்திலிருந்து 112 ஆனது, கூரை பின்னோக்கி வழிந்தது. பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவில் தூண் வைத்த கூப்பே நின்றுபோய், தூண் இல்லாத ஹார்ட்டாப்பும் கூரையை மடக்கக்கூடிய கன்வெர்ட்டிபிளும் மட்டும் மிஞ்சின. பேச்செல்லாம் முன் பம்பரைப் பற்றி. என்டுரா என்ற மீள்தன்மையுள்ள பொருளால் செய்து, உடலின் நிறத்திலேயே வண்ணம் பூசியிருந்தார்கள். விளம்பரத்தில் அதைச் சுத்தியலால் அடித்துக் காட்டினார்கள், தழும்பு விழவில்லை. மோட்டார் டிரெண்ட் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த காராக ஜிடிஓவைத் தேர்ந்தெடுத்தது.

இன்று ரோட்டில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு உடல் நிறத்தில்தான் பம்பர் இருக்கிறது. 1968-ல் வாடிக்கையாளர் எல்லோரும் இதை விரும்புவார்களா என்பதில் பாண்டியாக்குக்கே முழு நம்பிக்கை இல்லை போலும். என்டுரா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் லெமான்ஸின் குரோம் பம்பர் போட்டுத் தந்தார்கள். வேண்டாம் என்று சொல்வதும் ஓர் ஆப்ஷன். எதிர்த்திசையில், கிரில்லுக்குள் மறையும் ஹெட்லைட் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப்ஷன். அதை அத்தனை பேர் வாங்கியதால் 1968 ஜிடிஓ என்றாலே மறையும் விளக்கு என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள்.

மலிவாகத் தொடங்கிய நீதிபதி

1968-ல் பிளிமத் நிறுவனம் ரோட் ரன்னரைக் கொண்டுவந்தது. அலங்காரம் எதுவும் இல்லை. எஞ்சின், கியர், ஒரு கார்ட்டூன் பறவை, அதன் குரலில் ஹாரன். 3,000 டாலருக்குக் கீழே கிடைத்தது. ஜிடிஓ அதற்குள் கார்ப்பெட், வைப்பர் மறைப்பு என்று வசதிகள் சேர்த்து விலை ஏறியிருந்தது.

பாண்டியாக்கில் ஒரு மலிவு ஜிடிஓ திட்டம் உருவானது. சிறிய 350 எஞ்சின், குறைந்த அலங்காரம். டிலோரியன் அப்போது பிரிவின் பொது மேலாளர். ஜிடிஓவுக்குள் 350 போகக் கூடாது என்று அதை நிறுத்தினார். இந்த 350-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்.

திட்டம் தலைகீழானது. 1968 டிசம்பரில் வெளிவந்தபோது அதற்கு 'ஜட்ஜ்' என்று பெயர். ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் வந்த நீதிபதி வேடிக்கை ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. 366 குதிரைத்திறன் ராம் ஏர் III எஞ்சின், டிக்கி மேல் ஸ்பாய்லர், பக்கவாட்டில் மூன்று நிறப் பட்டை, வளையம் இல்லாத ரேலி சக்கரங்கள், டி வடிவப் பிடியுள்ள ஹர்ஸ்ட் லீவர். முதலில் வந்தவை எல்லாம் ஒரே நிறம். பெயர் கரோசல் ரெட், கண்ணுக்குத் தெரிவது பளீர் ஆரஞ்சு. பிறகு மற்ற நிறங்களும் கிடைத்தன. விலை? சாதாரண ஜிடிஓவைவிட 332 டாலர் அதிகம். ரோட் ரன்னரைவிட மலிவாக ஒன்று செய்யக் கிளம்பியவர்கள், தங்கள் காரிலேயே விலை கூடிய ஒன்றைச் செய்து முடித்தார்கள்.

அதில் தவறில்லை என்பேன். படிவத்தில் தனித்தனியாக டிக் அடிக்க வேண்டிய சாமான்களை ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரு பெயரும் நிறமும் கொடுத்தது நல்ல வியாபாரம். ஆனால் மூட்டை பெரிதாக விற்கவில்லை. 1969-ன் 72,287 ஜிடிஓக்களில் ஜட்ஜ் 6,833. அதில் கன்வெர்ட்டிபிள் 108. அந்த 108-க்குள் 370 குதிரைத்திறன் ராம் ஏர் IV எஞ்சினும் சேர்த்துக் கேட்டவர்கள் ஐந்தே பேர்.

1970: இழுத்தால் உறுமும் குமிழ்

இந்த ஆண்டு மூக்கு மாறியது. மறையும் விளக்குகள் போய், நான்கு வட்ட விளக்குகள் என்டுராவுக்குள் பதிந்தன. பின்பக்கம் ஸ்டெபிலைசர் கம்பி சேர்ந்தது, திருப்பங்களில் கார் கொஞ்சம் நேராக நின்றது. 400 என்ற எல்லையையும் ஜெனரல் மோட்டார்ஸ் நீக்கியது. உடனே ஜிடிஓவில் 455. பெயர்ப்பலகையில் 360 குதிரைத்திறன், ராம் ஏர் IV-ஐவிடப் பத்துக் குறைவு. அதன் பலம் இழுவிசையில்: 500 பவுண்டு-அடி. ஷெவர்லே அதே ஆண்டு செவெல்லில் 454-ஐ வைத்து 450 குதிரைத்திறன் என்று அறிவித்துவிட்டதால், இந்த வகைக் கார்களைத் தொடங்கி வைத்த பாண்டியாக் எண் விளையாட்டில் பின்னுக்குப் போனது.

அந்த ஆண்டின் ஆப்ஷன்களில் எனக்குப் பிடித்தது எஞ்சின் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே 'எக்ஸாஸ்ட்' என்று எழுதிய ஒரு குமிழ். இழுத்தால் எஞ்சினின் வெற்றிட விசையால் மஃப்ளரில் ஒரு வழி திறக்கும், புகை தடையின்றிப் போகும், சத்தம் கூடும். தள்ளினால் மரியாதையாக அடங்கும். 1970 ஜனவரி 11 அன்று அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் ஒளிபரப்பில் இந்தக் குமிழை இழுப்பதையே விளம்பரமாகக் காட்டினார்கள். நாடே பார்த்தது. தலைமையகமும் பார்த்தது. சத்தத்தையும் புகையையும் பற்றி அரசாங்கம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நேரத்தில் இப்படி ஒரு விளம்பரமா என்று ஆப்ஷனையே ரத்து செய்தார்கள். அதற்குள் 233 கார்கள் அந்தக் குமிழோடு போய்விட்டன.

மொத்த விற்பனை 40,149. முந்தின ஆண்டு விற்றதில் பாதிக்குச் சற்று மேல். இதற்குக் காரணத்தைப் படிவத்தில் தேடக் கூடாது. இளைஞர்கள் வாங்கும் அதிவேகக் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் போடத் தொடங்கியிருந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்ற கணக்குக்குப் போகாவிட்டாலும், இருபது வயதுப் பையனின் மாதச் சம்பளத்தில் அது பெரிய ஓட்டை. எஸ்டஸும் டிலோரியனும் அதற்குள் ஒருவர்பின் ஒருவராக ஷெவர்லேவுக்குப் போயிருந்தார்கள்.

இரண்டு விதமாகக் குறைந்த எண்

1971-ல் குறைந்ததையும் 1972-ல் குறைந்ததையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். இரண்டும் வேறு.

1971-ல் நடந்தது நிஜமான குறைப்பு. ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் எட் கோல் எல்லாப் பிரிவுகளுக்கும் உத்தரவிட்டார். ஈயம் சேர்த்த பெட்ரோல் இல்லாமல் உயர் அழுத்த விகிதம் தாங்காது, எஞ்சின் தட்டும். ஆகவே 10.25-க்கு 1 என்று இருந்த விகிதம் 8.2, 8.4 அளவுக்கு இறங்கியது. 350 குதிரைத்திறன் காட்டிய சாதாரண 400 எஞ்சின் 300 ஆனது. ராம் ஏர் IV போனது. உச்சியில் 335 குதிரைத்திறன் 455 எச்.ஓ. வந்தது. ஜட்ஜ் அந்த மாடல் ஆண்டின் நடுவிலேயே 374 கார்களோடு நின்றது, அதில் கன்வெர்ட்டிபிள் 17. ஜிடிஓ கன்வெர்ட்டிபிளே அந்த ஆண்டோடு முடிந்தது.

1972-ல் மாறியது அளக்கும் முறை. அதுவரை எஞ்சினைக் காரிலிருந்து தனியாக எடுத்து, ஆல்டர்னேட்டர், மஃப்ளர் மாதிரி சுமைகள் இல்லாமல் அளந்த மொத்தத் திறனைச் சொன்னார்கள். இனி அவையெல்லாம் பொருத்திய நிலையில் நிகரத் திறன். 455 எச்.ஓ. 335-லிருந்து 300 ஆனது பெரும்பாலும் இதனால்தான். 1971-க்கே இரண்டு கணக்கும் சொல்லியிருந்தார்கள்: மொத்தம் 335, நிகரம் 310. ஆக அந்த எஞ்சின் நிஜத்தில் இழந்தது 10. மீதி காகிதக் குறைவு.

அதே 1972-ல் ஜிடிஓ திரும்பவும் ஆப்ஷன். லெமான்ஸ் வாங்கினால் 354 டாலருக்குச் சேர்த்துக்கொள்ளலாம். 1964-ல் விதியைத் தாண்ட ஆப்ஷன் ஆனார்கள். இப்போது தனி மாடலாக நிறுத்தி வைக்கும் அளவுக்கு விற்பனை இல்லாததால் ஆப்ஷன் ஆனார்கள். 5,807 பேர் வாங்கினார்கள்.

1973-ன் புது உடலில் மோதலைத் தாங்கும் விதிக்காகக் கனத்த குரோம் பம்பர் வந்து, என்டுரா மூக்கு போனது. அந்த மூக்குக்கும் கவனிப்புக்கும் கிராண்ட் ஆம் என்ற புது மாடல் உரிமை கொண்டாடியது. ஜிடிஓ 4,806 விற்றது. சூப்பர் டியூட்டி 455 எஞ்சின் ஜிடிஓவிலும் கிடைக்கும் என்று சொன்னார்கள், ஆனால் அது ஃபயர்பேர்டுக்கு மட்டுமே போய்ச் சேர்ந்தது.

1974-ல் அந்த வரி வென்ச்சுரா என்ற சிறிய காரின் படிவத்துக்கு மாறியது. ஷெவர்லே நோவாவின் உடன்பிறப்பு அது. விலை 195 டாலர். போனட்டைத் துளைத்து நிற்கும் காற்றுவாய் ஒன்று, கீழே 350 கன அங்குல எஞ்சின், 200 குதிரைத்திறன். ஆம், டிலோரியன் உள்ளே விடாத அதே 350. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை என்றுதான் ரசிகர்கள் சொல்வார்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். சிறிய உடம்பு, பெரிய உடம்புக்குரிய எஞ்சின், ஆப்ஷன் விலை: 1964-ன் சூத்திரத்துக்கு 1973-ஐவிட இதுதான் நெருக்கம். விற்றதும் அதைவிட அதிகம், 7,058. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

சேஸிஸ் எண் சொல்வதும் சொல்லாததும்

இத்தனை ஆண்டு மாற்றத்தையும் நினைவில் வைத்துக்கொள்வதில் நடைமுறைப் பலன் ஒன்று உண்டு. ஜிடிஓ என்று விற்கப்படும் கார் ஜிடிஓவாகப் பிறந்ததா என்று பார்ப்பது. ஒரு லெமான்ஸை வாங்கி, எஞ்சின் மாற்றி, பட்டயம் ஒட்டி விற்பது கஷ்டமான வேலை இல்லை. பாகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன.

1966 முதல் 1971 வரை வேலை சுலபம். எண் 242 என்று தொடங்க வேண்டும். அடுத்த இரண்டு இலக்கம் உடல் வகை. 1966-ல் 24217 என்றால் ஹார்ட்டாப், 24267 என்றால் கன்வெர்ட்டிபிள். 237 என்று தொடங்கும் கார் 1968-ல் என்னதான் ரப்பர் மூக்கோடு வந்தாலும் லெமான்ஸ்தான். ஆனால் ஜட்ஜ் ஒரு மூட்டை என்பதால் 242 அதைப் பற்றி வாய் திறக்காது. ஸ்பாய்லரும் பட்டையும் நேற்று ஒட்டியதாக இருக்கலாம்.

ஆப்ஷனாக இருந்த ஆண்டுகளில்தான் சிக்கல். 1964-ன் எண் லெமான்ஸ் என்று மட்டும் சொல்லும். 1965-ல் ஜிடிஓ ஹார்ட்டாப்பின் எண் 23737 என்று தொடங்கும், சாதாரண லெமான்ஸ் ஹார்ட்டாப்பின் எண்ணும் அதேதான். 1972-ல் ஐந்தாவது இடத்தில் எஞ்சினுக்கென ஓர் எழுத்து சேர்ந்தது. அது எந்த எஞ்சின் என்று சொல்லும், ஜிடிஓவா என்று சொல்லாது.

எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத்தில் பொறித்த குறியீடு ஓரளவு உதவும். 1965-ல் டபிள்யூடி என்றால் 335 குதிரைத்திறன், கைக்கியர். டபிள்யூஎஸ் என்றால் டிரை-பவர், கைக்கியர். ஆனால் எஞ்சின் காரோடு பிறந்ததாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கழற்றி மாட்டுகிற சாமான் அது.

பாண்டியாக்கின் தொழிற்சாலைப் பதிவுகள் மைக்ரோஃபிலிமில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பிடம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தக் கார் டீலருக்குப் போனபோது போட்ட பில்லின் நகல் வரும். 1964, 1965 கார் வாங்குகிறவர் பெயின்ட்டைத் தட்டிப் பார்ப்பதற்கும் எஞ்சினைக் கிளப்பிக் கேட்பதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது அந்தத் தாளைத்தான். ரேடியோவுக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் எங்காவது அந்த 295 டாலர் சொச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால், போனட்டுக்குள் 389 இருந்தாலும், கிரில்லில் மூன்று எழுத்து மின்னினாலும், அது யாரோ ஆசையாக வேகமாக்கிய ஒரு லெமான்ஸ். அதற்கேற்ற விலையைப் பேசிக்கொள்ளலாம்.